கொல்லையில் தோண்டிய கடைக்கால்

கிடங்கைக் காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் ஆள் அனுப்பியபோது உத்திராபதி ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். 2010-ஆம் வருஷம், சித்திரை மாதம். கீரப்பாளையத்தில் அவருக்கு வாடகைப் பாத்திரக் கடை. முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, நீள மேஜைகள், அண்டா, குண்டான், ஜமக்காளம், சாமியானா துணி, அதை நிறுத்தும் இரும்புக் குழாய் என்று பதினெட்டு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார். கடையில் ஒரு மேஜையும் பெயர்ப்பலகையும்தான் இருக்கும். சாமான் முழுவதும் பின்னாலிருந்த பழைய நெல் கிடங்கில் கிடந்தது. அந்த இடத்தில் இடத்துக்காரரின் மகன் மருந்துக்கடை வைக்கப் போகிறானாம். ஆடிக்குள் காலி செய்துவிட வேண்டும்.

உத்திராபதி பெரிதாகக் கவலைப்படவில்லை. வீட்டுக் கொல்லை நீளமானது. இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் போக மிச்சமெல்லாம் வெறும் தரை. சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

“இன்னொரு எடத்த வாடகைக்குத் தேடுவானேன்? நம்ம கொல்லை சும்மாதான கெடக்குது. பத்துக்குப் பதினாறுல ஒரு ஷெட்டு கட்டிட்டா தீந்துது.”

சந்திரலேகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கட்டணுமா? ரெடிமேடா விக்கிறாங்களாமே, தகரத்துல. ஒண்ணு வாங்கி வச்சிடுங்களேன்.”

“தகரம் எத்தினி நாளைக்குத் தாங்கும்? செங்கல்லுல கட்டினா நம்ம காலத்துக்கும் இருக்கும்.”

“மணல் கொட்டி, ஜல்லி கொட்டி, வீடெல்லாம் புழுதியாவும். எனக்கு முடியல இப்பல்லாம்.”

அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றது.

உத்திராபதி அந்த வீட்டுக்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். மாமனார் கோவிந்தசாமிக்கு மகளை விட்டுப் பிரிய மனமில்லை. மகன் மணிவண்ணன் அப்போது சின்னப் பையன். அதனால் மருமகனை வீட்டோடு அழைத்துக்கொண்டார். ஊரில் தன் பங்கு நிலத்தை அண்ணன்களிடமே கொடுத்துவிட்டு, கிடைத்த பணத்தில் இந்த வீட்டு ஓட்டைப் பிரித்து மெத்தைத் தளம் போட்டது உத்திராபதிதான். கடைசி மூன்று வருஷம் மாமனார் பக்கவாதத்தில் கிடந்தபோது தூக்கி உட்கார வைத்ததும், குளிப்பாட்டியதும், மலம் அள்ளியதும் அவர்தான். மணிவண்ணன் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டிருந்தான். பொங்கலுக்கு வருவான். தகப்பன் செத்தபோது வந்து கொள்ளி வைத்தான். அது 2008.

மனைவி மறுபடியும் மறுபடியும் சொன்னதால், ஒருநாள் ரெடிமேட் ஷெட் பார்க்கக் கடலூருக்குப் போனார். பட்டறை ரோட்டோரம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களுக்குத் தற்காலிகக் கொட்டகை போட்டுக் கொடுத்துத் தொழில் பழகிய ராஜாமணி என்பவர் அதை நடத்தினார். நீலத் தகடு போட்ட மூன்று ஷெட்டுகள் வெயிலில் வரிசையாக நின்றன. உள்ளே நுழைந்தவருக்கு ஒரு நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது.

“காலையில கொண்டாந்து எறக்கினா சாயங்காலத்துக்குள்ள சாமான் அடுக்கிடலாம் சார்” என்றார் ராஜாமணி. “கடைக்கால் வேணாம், கொத்தனார் வேணாம். நாலு மூலையில போல்ட்டு. நாளைக்கு எடத்த காலி பண்ணச் சொன்னா கழட்டி வண்டியில போட்டுக்கிட்டு போயிட்டே இருக்கலாம். வாடகை எடத்துல இருக்கிறவங்கதான் இத ஜாஸ்தி வாங்குறாங்க.”

உத்திராபதி சிரித்தார். “நமக்கு அந்தக் கவலையில்ல. சொந்த எடம்.”

“அப்ப கட்டிக்கிங்க சார். சொந்த எடத்துக்கு இது எதுக்கு?”

வியாபாரியே அப்படிச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்துவிட்டார். செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், ஒரு பக்கம் வண்டி வந்து நிற்கிற மாதிரி அகலக் கதவு. எலி ஏறாமல் ஜமக்காளம் வைக்கச் சுவரிலேயே பரண். எந்த மூலையில் அண்டா, எந்த மூலையில் குழாய் என்பது வரைக்கும் யோசித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மணிவண்ணனிடமிருந்து போன் வந்தது. அவனாகப் போன் செய்வது அபூர்வம்.

“மாமா, ஷெட்டு போடப் போறீங்களாமே. அக்கா சொல்லுச்சு. கட்டற வேலையெல்லாம் எதுக்கு மாமா? ரெடிமேடு ஒண்ணு வாங்கிடுங்க. பணம் நான் அனுப்புறேன்.”

உத்திராபதிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இந்த இருபது வருஷத்தில் மச்சான் தனக்காக ஒரு பொருள் வாங்கித் தருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“நீ கேட்டதே போதும் மச்சான். ஒனக்கு ரெண்டு புள்ள படிக்குது. நான் பாத்துக்கிறேன்” என்றார்.

போனை வைத்துவிட்டு, “ஒந்தம்பிக்கு நம்ம மேல பாசம் இருக்குதுடி. நாமதான் தப்பா நெனச்சிருந்தோம்” என்று சந்திரலேகாவிடம் சொன்னார். அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

வைகாசியில் நல்ல நாள் பார்த்துக் கொத்தனார் தங்கராசு வந்தார். சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு ஆட்களை வைத்துக் கடைக்கால் தோண்டத் தொடங்கினார். அன்று காலையில் சந்திரலேகா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். மூன்று பக்கம் தோண்டி முடித்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை மணிவண்ணன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போனான். கடைக்கால் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தான். உத்திராபதி ஆசையாக விளக்கினார்.

“இந்தாண்ட கதவு வருது மச்சான். வண்டிய ரிவர்ஸ்ல விட்டு அப்படியே ஏத்திக்கலாம்.”

“மாமா, நான் வேணாம்னு சொன்னேனே.”

“பணத்த நெனச்சிதான சொன்ன? என்கிட்ட இருக்குது.”

“பணம் இல்ல மாமா.” அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். “எடத்துல பெர்மனென்ட்டா ஒண்ணு கட்டிட்டா பின்னால சிக்கல். விக்கிறதுன்னு வந்தா, நான் செங்கல்லு போட்டேன், எனக்கும் பாத்தியம் உண்டுன்னு பேச்சு வரும். நீங்க பேச மாட்டீங்க. ஆனா யாராவது பேச வைப்பாங்க.”

“யாரு விக்கிறது? எத விக்கிறது?”

மணிவண்ணன் முகம் மாறியது. “அக்கா, நீ சொல்லலியா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவனே சொன்னான். தகப்பன் செத்து மூன்றாம் மாதம் சந்திரலேகா வீட்டிலும் மனையிலும் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பத்திரம் பதிவாகி, வரி ரசீது அவன் பெயருக்கு மாறி, இரண்டு வருஷம் ஆகிறது. வாரிசு சான்றிதழ் வாங்கப் போகிறேன் என்று அவள் தம்பியோடு சிதம்பரம் போன நாள் உத்திராபதிக்கு நினைவிருந்தது. பஸ் ஏற்றிவிட்டதே அவர்தான்.

“நீங்க இருங்க மாமா. யாரு போகச் சொன்னா? அக்கா இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னுதான் சொல்லியிருக்கேன். கட்ட மட்டும் வேணாம்” என்றான் மணிவண்ணன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகும் உத்திராபதி கொல்லையிலேயே நின்றார். சந்திரலேகா வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

“அப்பா சொன்னாரு. வீடு மணிக்குப் போவணும்னு.”

“எப்ப சொன்னாரு? அவருக்கு வாய் கோணிப்போயி மூணு வருஷம். அவரு தண்ணி கேக்குறாரா, சோறு கேக்குறாரான்னு ஒங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னவன் நான். என்கிட்ட சொல்லலியே.”

“நீங்க கடைக்குப் போயிருந்தப்ப சொன்னாரு.”

“சரி. நீ ஏன் சொல்லல?”

அவள் அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். “கையெழுத்து போடலன்னா இந்தப் படியேற மாட்டேன்னான். எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன். நாளைக்கு நம்ம பொண்ணு தமிழினி கல்யாணத்துல தாய்மாமன்னு யாரு வந்து நிப்பா? ஒங்ககிட்ட சொன்னா நீங்க விடமாட்டீங்க.”

“விட்டிருப்பேன்” என்றார் உத்திராபதி. “கேட்டிருந்தா விட்டிருப்பேன். எனக்கு எதுக்குடி ஒங்கப்பன் வீடு? ரெண்டு வருஷம் என்னை சொந்த வீடு சொந்த வீடுன்னு ஊரெல்லாம் பேச விட்டு, பாத்துக்கிட்டு இருந்த பாரு, அதான்.”

சொல்லும்போதே, கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை தங்கராசு வந்தார். குழியை மூடச் சொன்னதும் திகைத்தார்.

“என்னண்ணே, வாஸ்து சரியில்லன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“ஆமா.”

“கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கலாமேண்ணே. மூணு ஆளு கூலி தண்டம்.”

மூடிய மண் ஒரு மழைக்குப் பிறகு அமுங்கி, கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு இருசம்மாள் எட்டிப் பார்த்து, ஏன் நிறுத்திட்டீங்க என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் வாஸ்து என்றே சொன்னார்.

ஆடி பிறப்பதற்குள் அவர் மறுபடியும் கடலூருக்குப் போனார். ராஜாமணிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. “எடம் வாடகையா சார்?” என்று கேட்டுவிட்டு அளவு எழுத ஆரம்பித்தார். “ஆமா” என்றார் உத்திராபதி. ஷெட்டை வீட்டுக் கொல்லையில் வைக்கவில்லை. சிதம்பரம் ரோட்டில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில் காலி இடம் பிடித்து, அங்கே இறக்கினார். மணிவண்ணன் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டதாக மனைவி சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. அதன்பிறகு பகலெல்லாம் அங்கேயேதான். தகரத்தின் சூட்டில் உடம்பில் வேர்க்குரு கொப்பளித்தது. சந்திரலேகா பவுடர் வாங்கி வைத்தாள். அவர் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் பேச்சு குறைந்து, சாப்பாடு, கரெண்ட் பில், மகள் என்ற மூன்று விஷயத்தில் வந்து நின்றது. மகள் தமிழினி புதுச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

2011 டிசம்பர் முடிய இருந்தபோது தானே புயல் அடித்தது. கொல்லையில் தென்னை இரண்டும் முறிந்து, ஒன்று பின்சுவர் மேல் விழுந்தது. அடுத்த வாரமே மணிவண்ணன் வந்தான். அக்காவின் கையைப் பிடித்து விசாரித்தான். சுவரையும் மெத்தை விரிசலையும் போட்டோ எடுத்துக்கொண்டான். மாசி மாதத்தில் மறுபடி வந்தபோது கூட ஒருவர் வந்தார். கிள்ளையில் இறால் வியாபாரம் செய்கிறவர். மனையைக் காலடியால் அளந்து பார்த்தார்.

அவர் வெளியே போனதும் சந்திரலேகா தம்பியைக் கேட்டாள். “நான் இருக்கிற வரைக்கும்னு சொன்னியேடா.”

“சொன்னேன்க்கா. இல்லன்னு சொல்லல. சுவத்த எடுத்துக் கட்ட இப்ப யார்கிட்ட பணம் இருக்குது? பெரியவனுக்கு நல்ல ஸ்கூல்ல சீட்டு வாங்கணும். ஒனக்கு ஒரு தொகை தரேன். சிதம்பரத்துல நல்லதா ஒரு போர்ஷன் பாத்துத் தரேன்.”

“எழுதிக் கேட்டிருக்கணும்டா நான்.”

“தம்பிகிட்ட எழுதி வாங்குவாங்களாக்கா?”

உத்திராபதி வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவளுடைய குரல் உடைந்தபோது அவருக்கு நெஞ்சில் ஒரு இதம் பரவியது. இப்போது தெரிகிறதா என்று நினைத்தார். நன்றாகவே இருந்தது அந்த நினைப்பு. கொஞ்ச நேரம் அதைக் கலைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்ததைப் பார்த்தார். அவளுக்கு நாற்பத்து நாலு வயசு. அதற்குமேல் தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கடைக்குக் கிளம்பிப் போனார்.

வைகாசியில் சிதம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, கீழே பொதுக் குழாய். படிப்பை முடித்துப் புதுச்சேரியிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த தமிழினி லீவில் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“ஏம்ப்பா வீட்ட விட்டீங்க? தாத்தா வீடு நம்மளுதுன்னுதானே சொல்லுவீங்க?”

தோசை சுட்டுக்கொண்டிருந்த சந்திரலேகாவின் கை நின்றது. அவள் திரும்பவில்லை. உத்திராபதிக்கு அது தெரிந்தது.

“ஒம்மாமனுக்குப் பணமுடை. பெரியவன் படிப்புக்கு. நான்தான் வித்துக்கச் சொன்னேன்” என்றார்.

தமிழினி முகம் மலர்ந்தது. “நீங்க ரொம்ப நல்லவருப்பா.”

சந்திரலேகா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. அவர் தன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருந்தது. அவளைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷம் ஒரு வீட்டில் ஏமாந்து கிடந்தவன் நான் என்று பெற்ற மகளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதை விளக்கப் போனால் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

“இன்னொண்ணு வைக்கட்டுமா?” என்றாள்.

“வை” என்றார்.