மங்கோலியா வண்டி

"பாத்துத் தள்ளுங்கலே, பெயிண்டு போயிரும்!" என்று செல்வன் கத்தியதைக் கேட்டதும் ஜெபகனிக்குச் சுள்ளென்று ஏறியது. கூடப்பிறந்த அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார், இவனுக்கு வண்டியின் பெயிண்ட்! அதற்குள் அதன்மேல் கண் வைத்துவிட்டான், வெட்கங்கெட்டவன்.

மூன்று மணிக்கு அடக்கம். சபை வண்டி வந்து ரோட்டில் நிற்கிறது. உள்ளே, கேட்டை அடைத்துக்கொண்டு அவள் புருஷன் இஸ்ரவேல் வாங்கிப்போட்ட பழைய டெம்போ வேன். அதை நகர்த்தாமல் அவரை வெளியே எடுக்க வழியில்லை.

இருபத்தெட்டு வருஷம் நாகர்கோவிலுக்கும் கீரிப்பாறைக்கும் பஸ் ஓட்டிய மனுஷன். ரிட்டயர் ஆனதும் நாலு வாழை வைப்பார், சபைக் கமிட்டியில் சண்டை போடுவார் என்று பார்த்தால், கல்யாண ஓட்டம் ஓடித் தேய்ந்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "நேபாளம், திபெத், அங்கேயிருந்து மங்கோலியா" என்றார். மங்கோலியாவாம்! பூதப்பாண்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னால் முட்டு வலிக்கும் இவருக்கு. நாலு வருஷமாக இன்ஜினைப் பிரித்தார், பூட்டினார். அடுப்பு வைத்தார், கட்டில் அடித்தார். அங்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் கிடையாதாம், அதனால் பெல்ட், பில்டர், கிளட்ச் கேபிள் எல்லாம் வாங்கி வாங்கி அடுக்கினார்.

"நீயும் வாட்டி" என்று முதல் வருஷம் கேட்டார்.

"நான் வரல்ல. நீங்களே போய்த் தொலையுங்க."

அடுத்த வருஷமும் கேட்டார். அவளும் அதையேதான் சொன்னாள். அதன்பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் புறப்பாடு என்று இருந்தவர், நேற்றுக் காலை ஜன்னலுக்குத் திரைக்கம்பி அடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். அவ்வளவுதான்.

"மைனி, வண்டித் தாக்கோல் எங்க?" செல்வன் வாசலுக்கு வந்தான்.

"எனக்கென்ன தெரியும்? நான் அதுக்குள்ள கால் வச்சிருக்கேனா?"

"சாவிய உள்ளதான் தொங்கவிட்டிருப்பாரு அம்மா" என்றாள் மகள் பிரீனா. அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

செல்வனை அதற்குள் ஏறவிட ஜெபகனிக்கு மனசில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள்.

ஒருவர் புரண்டு படுக்க முடியாத கட்டில். ஆணியில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். முன்னால் போனாள். டிரைவர் சீட்டு மட்டும்தான் இருந்தது. பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீலத் தண்ணீர் டிரம்மை நாலு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். ஆட்டிப்பார்த்தாள். நல்ல கெட்டி வேலை.

முப்பத்தெட்டு வருஷத்தில் இவள் சொன்ன எதைக் கேட்டிருக்கிறார் இந்த மனுஷன்? பீடியை விடச் சொன்னாள், விட்டாரா? ஒழுகுகிற ஓடுகளை மாற்றச் சொன்னாள், மாற்றினாரா? கோபத்தில் சொன்ன இந்த ஒன்றை மட்டும் வேதவசனமாக எடுத்துக்கொண்டாரே, பாவி! மூன்றாவது தடவை கேட்டிருந்தால் வந்திருப்பாளே.

"இன்னொருக்க கேட்டா வாயி வெந்தா போவும்?" என்றாள் டிரம்மைப் பார்த்து.

சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. திருகினாள். ஒரு முனகல்கூட இல்லை. நாலு வருஷ வேலையின் லட்சணம்!

"பேட்டரி போச்சு. எறங்குங்க மைனி, நான் ஸ்டீயரிங் பிடிக்கேன்."

"நீ ஏறுனா இது நகருமா? கீழ நின்னு தள்ளு."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நியூட்ரல் எது, ஹேண்ட்பிரேக் எது என்று பஸ் டிரைவரின் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு பேர் தம் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு கேட்டைத் தாண்டியது, ரோட்டில் இறங்கியது, சபை வண்டியை உரசாமல் வளைந்தது.

"போதும், போதும்! பிரேக்கச் சவுட்டுங்க மைனி!"

கால் பிரேக்கின்மேல்தான் இருந்தது. அவள் மிதிக்கவில்லை.

ரோடு இறக்கம். தள்ளியவர்களின் கை விட்டுப்போனது. கூச்சல் பின்னால் போனது. வாழைத்தோட்டம் போனது, கால்வாய்ப் பாலம் போனது. காற்று முகத்தில் அடித்தது. அந்தப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

பிரீனா மூச்சு வாங்க ஓடிவந்து கதவைப் பிடித்தாள். "அம்மா, நேரமாச்சு. எறங்குங்க."

"இரு மக்கா" என்றாள் ஜெபகனி. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.