காந்த மெத்தைக்கு ஒன்பது பேர்

இருபத்திரண்டு வருடமாக மெத்தை தைக்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே ஒரு மெத்தையை விலை கொடுத்து வாங்கி வந்தாள் என் மனைவி. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் கொல்லன் பெண்டாட்டியே வாங்குவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாதாரண மெத்தை இல்லையாம், காந்த மெத்தை. வெளிநாட்டுத் தயாரிப்பு. முதுகுவலி, சர்க்கரை, தூக்கமின்மை, கணவன் மனைவி மனத்தாங்கல் எல்லாம் தீரும் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. கடைசி வியாதி மெத்தை வந்த அன்றுதான் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது.

"என்ன விலை?" என்றேன்.

"விலைன்னு பாக்காதீங்க. நான் இப்ப வாடிக்கையாளர் இல்ல, பங்குதாரர்."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் படுக்கை விரிப்புகளை அலசிச் சேர்த்ததை அப்படியே கொடுத்திருந்தாள். தனக்குக் கீழே ஒன்பது பேரைச் சேர்த்தால் போட்டது திரும்பி வரும். அந்த ஒன்பது பேரும் ஆளுக்கு ஒன்பது பேரைச் சேர்த்தால் அதற்கு மேலும் வரும். கூட வேலை பார்க்கிற ஒன்பது பெண்களை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் கூட்டம். இவளைச் சேர்த்துவிட்ட டைமண்ட் வருகிறார். டைமண்ட் என்பது கல் இல்லை, ஆள். நிறுவனம் கொடுத்த பட்டம்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் மெத்தையின் ஒரு மூலையைப் பிரித்தேன். பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் இடக்கைக்காரன். மூலை திரும்பும் இடத்தில் என் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இதுவும் சாய்ந்திருந்தது. போன மாதம் ஒரு மொத்த வியாபாரி, "லேபிள் வேண்டாம், முன்னூறு உருப்படி" என்று வாங்கிப் போனானே, அதில் ஒன்று. எவனோ ஒரு மடையன் ஒரு பக்கம் மட்டும் என் தையலைப் பிரித்து, நாலு காந்தத் துண்டை உள்ளே போட்டு, மெஷினில் தைத்து மூடியிருந்தான். மோசடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் தையலைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவளிடம் காட்டினேன். நான் விற்றதைப்போல் பன்னிரண்டு மடங்கு விலை என்று சொன்னேன்.

"நீங்க தச்சதா? அப்ப நல்ல மெத்தைதானே," என்றாள்.

துணி வெட்டும் மேஜையில் சாக்பீசால் கணக்குப் போட்டேன். "ஒன்பது, எண்பத்தொண்ணு, எழுநூத்தி இருபத்தொம்பது. மூணாவது வரிசைலயே உங்க ஆஸ்பத்திரி காலி. அஞ்சாவது வரிசைக்கு இந்த ஊர்ல கைக்குழந்தையும் சேர்ந்தாத்தான் உண்டு."

"நான் அஞ்சாவது வரிசை இல்லையே," என்றாள். "மேலதானே இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாபாரிக்கு போன் போட்டு, அடுத்த முன்னூறு தைக்க மாட்டேன் என்று சொன்னேன். வேறு ஆள் இருக்கிறான் என்றான். இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் தலைவாரிப் பூச்சூடாத குறையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு உறையைக் கொண்டுவந்து நடுமேஜையில் வைத்தார்கள். டைமண்ட் டை கட்டி வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் மெத்தையை நடுக்கூடத்தில் போட்டு, கத்தரியால் ஒரே இழுப்பாகக் கிழித்தேன்.

"இது வெளிநாட்டு மெத்தை இல்ல. இதோ இந்தக் கையால நான் தச்சது."

டைமண்ட் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கைதட்டினார்.

"பாத்தீங்களா சகோதரிகளே! தயாரிப்பாளரே நம்ம குடும்பத்துல இருக்கார்! இதைவிட என்ன உத்தரவாதம் வேணும்?"

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். கத்தரியும் கையுமாக நான் நின்றேன். முட்டாளாவதில் பல படிகள் உண்டு. அன்றைக்கு நான் உச்சிப்படியில் நின்றேன்.

மனைவி கைதட்டவில்லை. கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த, விரிப்பு மடிக்கிற சின்னப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோடு எங்கடி?"

"அடகுலக்கா," என்றாள் அந்தப் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மூணு மாசத்துல மீட்டுடலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

கூடத்தில் டைமண்டின் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உறைகளை எடுக்க அவர் கை நீட்டியபோது என் மனைவி முந்திக்கொண்டாள். ஒன்பதையும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். முதல் உறை அந்தச் சின்னப்பெண்ணுக்கு.

"மேடம், யோசிச்சுப் பண்ணுங்க," என்றார் டைமண்ட். குரலில் தேன் வற்றிவிட்டது. "கீழ ஆள் இல்லைன்னா நீங்க போட்டது திரும்ப வராது."

"தெரியும்."

"மொத்தமும் போயிடும்."

"எனக்கு மேல இருக்கறவங்க என்கிட்ட வாங்கிட்டாங்க. யாராவது ஒருத்தர் கடைசில நிக்கத்தானே வேணும்? நான் நின்னுக்கறேன். கிளம்புங்க."

அவர் புத்தகங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வீடு இருக்கும். ஒருத்தி, "உன் பணத்தை யாரு தருவாங்கக்கா?" என்று கேட்டாள். இவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நாளைக்கு உங்க பிரிவுல எல்லார்கிட்டயும் சொல்லணும். நான் ஏமாந்தேன்னு என் பேரைச் சொல்லியே சொல்லுங்கடி," என்றாள். பதினொரு வருடம் ஒரு தப்பையும் ஒத்துக்கொள்ளாதவள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஒன்பது பெண்களுக்கு முன்னால் எப்படிக் கும்பிடுவது? எல்லோருக்கும் தேநீர் போட உள்ளே போனேன்.