வாளைக்குக் கம்பி கட்டாதவன்

அன்புச்செல்வனைப் பார்த்த முதல் நாளே சுஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் வயிற்றெரிச்சல். தில்லைநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண், ஞாயிற்றுக்கிழமையானால் கொள்ளிடத்தில் தூண்டில் போடுகிறாள் என்று கேட்டதும், அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தன் அவளை வைத்துக்கொண்டே அவள் அப்பாவிடம், "கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் விட்டுருவாங்கல்ல?" என்று கேட்டான். அன்புச்செல்வன் மட்டும், "நானும் போடுவேங்க. ஸ்ரீரங்கத்துல கொள்ளிடக் கரையிலதான் என் ஃப்ளாட்டே இருக்கு," என்றான். முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒருத்தன் இனி எங்கே கிடைப்பான் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

நாளைக்கு வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. ஒருமுறை சேர்ந்து மீன் பிடித்துவிட்டு வந்து சம்மதம் சொல்கிறேன் என்றாள் சுஜா. அப்பா தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார். துணைக்குச் சித்தி பொன்னுத்தாயை அனுப்பினார். சித்தி கரையில் ஒரு மர நிழலில் பாயை விரித்து, மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். அது தீரும்வரை அவளால் தொந்தரவில்லை.

அன்புச்செல்வனின் தூண்டிலில் பளீரென்ற பச்சை நைலான் நரம்பு சுற்றியிருந்தது. தையல் நூல் கனம்தான் இருக்கும். அதன் நுனியில் நேராக, இரைக்குப் பதில் தூண்டில் முள் வைத்த ரப்பர் மீனைக் கட்டினான்.

"லீடர் போடலையா?" என்றாள் சுஜா.

"எதுக்குங்க?"

எதற்காமே! தெளிந்த தண்ணீரில் கெண்டைக்குப் போடுகிறவன்கூட நரம்பின் நுனியில், மீன் கண்ணுக்குப் படாத ஃப்ளோரோகார்பன் துண்டு ஒன்றை லீடராகச் சேர்ப்பான். பாசிக்குள் கிடக்கும் விராலுக்குத் தடித்த பின்னல் நரம்பு வேண்டும். இழுத்தால் பாசியோடு வரவேண்டும். இந்த மடுவில் இருப்பதோ வாளை. வாய் முழுக்க அரம் போலப் பல். முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாவிட்டால், நரம்பை அறுத்துக்கொண்டு வாயில் முள்ளோடு போய்விடும். அப்புறம் அது தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்து சாகவேண்டியதுதான்.

"இந்தாங்க, கம்பி இருக்கு," என்று தன் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கம்பியைப் பார்த்தா மீன் கடிக்காதுங்க," என்று அழகாகச் சிரித்தான்.

அப்படிச் சொல்கிறவர்களும் உண்டுதான். பாவம், தெரியவில்லை, மெல்லச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று கம்பியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

மூன்றாவது வீச்சிலேயே வாளை கடித்தது. தூண்டில் வில்லாக வளைந்தது. அவன் சின்னப் பையன் மாதிரிக் குதித்தான். சற்று நேரம் இழுபறி, பட்டென்று அறுந்தது. "செம!" என்று கத்திவிட்டு அடுத்த ரப்பர் மீனை எடுத்தான். அதுவும் போயிற்று. அதற்கும் "செம!" கைக்கு வராத மீனுக்கு எவனாவது இப்படிச் சந்தோஷப்படுவானா? சுஜாவுக்கு முகம் சுருங்கியது.

பிறகு அவள் தூண்டிலில் ஒன்று மாட்டியது. கம்பி கட்டியிருந்ததால் அறுக்க முடியவில்லை. கரைக்கு இழுத்துப் போட்டபோதுதான் நாற்றம் அடித்தது. உயிருள்ள மீனிடம் வரக்கூடாத அழுகல் நாற்றம். முழ நீள வாளை, வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தாடை புரையோடி வெளுத்திருந்தது. அதன் நடுவே துருப்பிடித்த மூன்று முள், பிய்ந்த ரப்பர் மீன், அதிலிருந்து வால்வரைக்கும் தொங்கும் பளீர்ப் பச்சை நரம்பு.

"அட, நம்ம ஆளு! போன மாசமா இருக்கும்," என்றான் அன்புச்செல்வன். சொல்லும்போதே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"வாலைக் கொஞ்சம் பிடிங்க. முள்ளைக் கழட்டணும்."

"ஐயோ, நானா? அந்த வழவழப்பைத் தொட்டா ரெண்டு நாளைக்குக் கை நாறுங்க." பிறகு, பெரிய ரகசியம் சொல்கிறவனாகக் குரலைத் தாழ்த்தினான். "அதுக்குத்தாங்க இந்த நரம்பு. பார்த்துப் பார்த்து வாங்குறேன். கொஞ்ச நேரம் நல்லா இழுக்கும், அப்புறம் தானா அறுந்துரும். கம்பி கட்டினா கரைக்கு வந்து தொலைக்கும்ல? இழுவைதான் ஜாலி. அதுக்கப்புறம் அது எப்படிப் போனா நமக்கென்ன?"

தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்துதான். அறுந்துபோகிற நரம்பாகத் தேடி வாங்கியிருக்கிறான். சுஜா மீனின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி, குறட்டால் முள்ளைப் பிடுங்கினாள். அழுகிய சதையும் கூடவே வந்தது. தண்ணீரில் விட்டாள். மீன் ஒருமுறை வாலை அசைத்தது; பிறகு வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்து போயிற்று. அவன் அதற்குள் சானிடைசரை எடுத்து, எதையுமே தொடாத கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை நாளைக்குத் தாம்பூலத் தட்டை வாங்கும், அப்புறம் தன் மேல் படும் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மாப்பிள்ளை எவ்ளோ சுத்தபத்தமா இருக்காரு, பாரு!" என்று நிழலிலிருந்து பூரித்துப்போனாள் சித்தி. கையில் போன் வேறு. "உங்கப்பாதான் பேசுறாரு. சரின்னு சொல்லிரட்டுமா?"

சுஜா கையைக்கூடக் கழுவாமல் போனை வாங்கினாள்.

"அப்பா, வேணாம்ப்பா. நாளைக்கு யாரையும் வரச் சொல்லாதீங்க."

அவள் இவ்வளவு பக்கத்தில் நின்று சொல்வாள் என்று அன்புச்செல்வன் எதிர்பார்க்கவில்லை. தேய்த்த கைகள் அப்படியே நின்றன. மகளின் குரல் மாறியிருப்பது அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"அழுறியாம்மா?"

"இல்லப்பா," என்றாள் சுஜா. "குமட்டிக்கிட்டு வருது."