தண்ணீர் மறந்த உடம்பு

நீச்சல் குளத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மனைவியும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். பார்க்கின்சன் நோய் வந்ததும் முதலில் கை நடுங்கியது. பிறகு வாசல்களில் கால் ஒட்டிக்கொண்டது. அதன்பின் முகம் இறுகிப்போனது. மனைவி எவ்வளவு கிண்டலடித்தாலும் உதடு அசையாது. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது.

மாத்திரைகள் சரிவரக் கேட்காமல் போன பிறகு, மூளைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு மின்கருவியைப் பொருத்தினார்கள். கருவி ஓடத் தொடங்கியதும் மாஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தார். பின்னால் ஓடிய மனைவிக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவா போங்க, மாஸ்டர். யாரும் துரத்தல."

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காயம் ஆறியதும் டாக்டர் சம்மதத்தோடு குளத்துக்குப் போனார். ஆழமான பக்கத்தில் பாய்ந்தவர் மேலே வரவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்த மனைவி, குமிழிகளைக் கண்டதும் செருப்போடு குதித்து அவரை இழுத்து வந்தாள்.

"கை ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது," என்றார், இருமலுக்கு நடுவே. "எப்படி நீந்துறதுன்னே தெரியல."

டாக்டர் அம்மா காகிதத்தில் மூளையை வரைந்து காட்டினார். "அடியில சில நரம்பு முடிச்சுகள் இருக்கு. அங்க ஒரு பாதை 'போ'ங்கும், இன்னொண்ணு 'நில்லு'ங்கும். டோபமின்னு ஒரு ரசாயனம்தான் ரெண்டையும் சமமா வைக்கும். அது குறைஞ்சா 'நில்லு' ஜெயிச்சிடும். கருவி அந்த 'நில்லு' கூச்சலை அடக்குது. நடைக்கு அது நல்லது. நீச்சலை மட்டும் ஏன் கலைக்குதுன்னு எங்களுக்கே முழுசா தெரியல."

"அணைச்சிட்டா?"

"நீச்சல் திரும்பலாம். நடுக்கமும் இறுக்கமும் கூடவே வரும். தண்ணிகிட்ட அந்த விஷப்பரீட்சை வேண்டாம், சார்."

அதன்பின் மாஸ்டர் நன்றாக நடந்தார். நடை எப்போதும் குளத்தில் போய் முடிந்தது. யாராவது நீந்தினால் அவர் தோள்கள் தாமாக அசையும். தூக்கத்திலும் மூச்சை அடக்கி அடக்கி விடுவார்.

ஒரு சாயங்காலம் குளம் காலியாக இருந்தது. மனைவி தேடி வந்தபோது, நீச்சல் உடையில் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கருவியின் ரிமோட்.

"அணைச்சிட்டீங்களா?"

"இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆசைதானே? டாக்டரைக் கேட்டு, நாலு பேரை நிறுத்தி, ஒருதடவை நீந்திடுங்களேன்."

"ஒருதடவை நீந்திட்டா திரும்ப ஆன் பண்ண மனசு வராது." அவர் தண்ணீரையே பார்த்தார். "அப்புறம் உன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நீயும் எத்தனை வருஷம்தான் கல்லுகிட்ட பேசுவ?"

அவள் ரிமோட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள்.

இப்போது மாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பு முடிந்து எல்லோரும் கரையேறிய பிறகும் அங்கேயே நிற்கிறார், உள்ளங்கைகளைத் தண்ணீர்மேல் வைத்துக்கொண்டு. மனைவி அவசரப்படுத்துவதில்லை.