ஏப்ரல் ஒன்றில் இருந்தவர்கள்

ஆல்வினா தட்டிலிருந்த பன்றி இறைச்சித் துண்டை முள்கரண்டியால் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தபோது, லைல் காபிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேஜையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை விரித்தான். அவள் கணவர் ஆர்விடைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருடைய காலணியிலும் கல்லறைச் சேறு ஒட்டியிருந்தது.

லைலைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? டெல்வின் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தலை எண்ணும் வேலையை மூன்று தடவை ஆர்விட்தான் செய்தார். அவருக்குக் கண் மங்கியதும் அது பக்கத்துப் பண்ணைக்காரனான இவனிடம் வந்தது. ரயில் வந்த காலத்தில் நாலாயிரம் பேர் இருந்த பிரதேசம். புழுதிப் புயலில் பாதி போயிற்று, பள்ளிக்கூடம் மூடியதும் மீதியில் பாதி. இந்த முறை ஐநூறுக்குக் கீழே இறங்கினால் கவுண்டியையே கலைத்து ஆற்றுக்கு அக்கரைக் கவுண்டியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. ஆல்வினாவோடு நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

ஏப்ரல் முதல் தேதி உயிரோடு இருந்தவர்கள்தான் கணக்கு. ஆர்விட் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாட்டுக்கொட்டகை வாசலில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சில மணி நேரம் முன்னபின்ன. யாரு வந்து கேக்கப் போறா?" என்றான் லைல், குரலைத் தாழ்த்தி. "ரெண்டுன்னு சொல்லிடுங்க ஆல்வினா. அவருக்கும் இந்த ஊருன்னா உசுரு."

பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் இவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்பு, முதல்முறை இந்த வேலைக்குப் போனபோது, ஆர்விட் தன் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து பெண்டாட்டியிடம் வேற்றாள் மாதிரி கேட்டார், முதல் தேதி இங்கே எத்தனை பேர் என்று. காரின் என்று பேர் வைத்த மூன்று வாரப் பெண் குழந்தை மார்ச் முப்பதில் இறந்திருந்தது. ஆல்வினாவுக்குப் பால் கட்டி மார்பு வலித்துக்கொண்டிருந்தது. ஒரு காகிதத்திலாவது குழந்தையின் பேர் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் இரண்டு என்று எழுதினார். அதை அவள் மன்னிக்கவே இல்லை.

"ஒருத்திதான்," என்றாள் ஆல்வினா. "நான் மட்டும்."

"கவுண்டியே போயிடும்."

"போகட்டும். என் பொண்ணுக்குக் குடுக்காத சலுகை அவருக்கு எதுக்கு?"

லைல் ஒன்று என்று எழுதினான். அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. விதவை என்ற சொல்லுக்கு எதிரே இருந்த வட்டத்தைத் தானே நிரப்பத் தொடங்கினான். பென்சில் முனை மழுங்கியிருந்தது. வட்டம் கறுப்பதற்கு வெகுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.