மாற்றம் ஏதும் உண்டா?

என் முறை வருவதற்குள் இந்தச் சிக்னல் போய்த் தொலைந்தால் தேவலை.

அப்படி நினைத்துக்கொண்டே அவள் ஷூ கயிற்றை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினாள். மலை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு ஜன்னல்கள். அதில் இரண்டாவது ஜன்னலின் விளிம்பில் மட்டும்தான் செல்ஃபோன் எடுக்கும். கையில் தூக்கினால் கோடுகள் காணாமல் போய்விடும். கம்பியை ஒட்டி மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, குனிந்து பேச வேண்டும். அதனால் ஒருவர் வீட்டு விஷயம் ஐந்து பேருக்கும் கேட்கும்.

மூன்று நாள் நடை என்று வந்தவர்கள். மலை முதுகின் மேலேயே போய், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, அந்தப் பக்கம் இறங்குவதாக ஏற்பாடு. கடலில் சுற்றிக்கொண்டிருந்த புயல் வடக்கே போய்விடும் என்றுதான் நேற்று வரை சொன்னார்கள். விடிந்து பார்த்தால் அது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. விடுதிக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏறி எல்லோருமாகப் பார்த்தார்கள். கடல் தூரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே, சீப்பால் வாரிவிட்டதுபோல் மேகம், எல்லா இழையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்தது. காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவ்வளவு அழகான காலையை அவள் இந்த மலையில் பார்த்ததில்லை.

தலைவர் சட்டைப்பையிலிருந்த காற்றழுத்த மானியைத் தட்டிப் பார்த்தார். நிலம் அளக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். எல்லோருக்கும் சர்வேயர் சார்.

"ராத்திரிலேருந்து இறங்கிட்டே இருக்கு. மேல்பாதை கிடையாது. கூடாரத்தையெல்லாம் இங்கயே விட்டுட்டுப் போயிடுவோம். கீழ்ப்பாதைல இறங்கினா நாலு மணி நேரத்துல ரயிலடி."

"மூணு நாளைக்குன்னு மூணு கிலோ ரொட்டி முதுகுல ஏத்திட்டு வந்தேன் சார்," என்றார் பேக்கரிக்காரர். "புயலுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் இல்ல."

"உங்களுக்கென்ன, வழியிலயே மூணு கிலோவையும் முடிச்சிடுவீங்க," என்றாள் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏற்பாடு மாறியதில் அவளுக்கு வருத்தம் உண்டு. வருஷத்தில் இரண்டு தடவைதான் இந்த நடை. மற்ற நாட்களில் அவளோடு பேசுகிறவர்கள் தண்ணீர் வராதவர்கள். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக ஃபோன் எடுக்கிறாள். காதில் மாட்டிய கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் அதை மாட்டும்வரை அவள் குரல் அவளுக்கே கேட்காது. இங்கேதான் யாராவது பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பார்கள். எதற்கும் புகார் சொல்லாத ஆள் என்பதால் பேக்கரிக்காரர் அவளுக்குப் 'புகாரக்கா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரை அவள் வீட்டில் தனியாக ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்ததுண்டு.

நாலு மணி நேரமாவது மிச்சம் இருக்கிறது என்று அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டபோதுதான் சர்வேயர் பைக்குள்ளிருந்து படிவங்களை எடுத்தார்.

அது அவருடைய சட்டம். வழி மாறினால், அடியெடுத்து வைப்பதற்கு முன் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவரிடம் சர்வேயரே தன் வாயால் சொல்ல வேண்டும். செய்தி அனுப்பினால் செல்லாது. பல வருஷங்களுக்கு முன் வேறொரு குழு இப்படி வழி மாறி இறங்கியபோது ஒருவருக்குக் கால் முறிந்தது. வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியாததால் தேடிப் போனவர்கள் இரண்டு நாள் தப்பான மலையில் தேடினார்கள். அந்த ஆள் என்ன ஆனார் என்று சர்வேயர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் கிடைக்கவில்லையென்றால் நடை கிடையாது. விடுதிச் சமையல்காரரோடும் காலி சிலிண்டர்களோடும் ஜீப்பில் சுற்றுவழியாகப் போக வேண்டியதுதான்.

இத்தனை வருஷத்தில் வழி ஒருதடவைகூட மாறியதில்லை. சட்டம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் பேக்கரிக்காரர் வீடு. மனைவி எடுத்தார்.

"கீழ்ப்பாதைல இறங்கறோம்மா. சாயங்காலம் ரயில்," என்றார் சர்வேயர்.

"அவரை உருட்டிவிடுங்க சார், இன்னும் சீக்கிரம் வந்துடுவார்."

"ஏய், ஸ்பீக்கர்ல இருக்கு!" என்று பேக்கரிக்காரர் கத்தினார்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அடுத்தது பல் டாக்டரின் மகன். தூக்கத்திலிருந்து எழுந்த குரல். புயல், பாதை, ரயில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கிள், மிக்ஸி மூடி எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேளுங்க," என்றான்.

"ரெண்டாவது தட்டுடா! கண்ணைத் திறந்து பாரு!" என்று பல் டாக்டர் கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

குழுவில் இன்னொருவரான கணக்கு வாத்தியாருக்கு அண்ணன். "சரி," என்றார் அண்ணன். "சரி." பிறகு, "மழைக்கோட்டு வச்சிருக்கானா?" சர்வேயர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையாட்டினார். "வச்சிருக்கார்." "சரி."

அவ்வளவுதான். மற்ற இருவர் வீட்டுக் கலகலப்பும் அவளை ஒன்றும் செய்யவில்லை. இந்த மூன்று 'சரி'தான் காதிலேயே நின்றது.

"அடுத்தது நம்ம புகார் மேடம்," என்றார் சர்வேயர்.

சிக்னல் போகவில்லை. இரண்டு கோடு நின்றது.

படிவத்தின் அந்த வரி அவள் கையெழுத்து இல்லை. முதல் தடவை சேர்ந்தபோது அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து நிரப்பியவன் அவன்தான். 'அவசரத்துக்கு: கணவர்.' பக்கத்தில் வீட்டுத் தொலைபேசி எண். 'ர்' மேல் இருக்கும் புள்ளி, பேனா அழுத்தத்தில் காகிதத்தைத் துளைத்திருந்தது. அதன்பின் சர்வேயர் வருஷாவருஷம் அதையே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றி நீட்டுவார். அடியில் ஒரு கட்டம்: 'மாற்றம் ஏதும் உண்டா?' மூன்று வருஷமாக அவள் அதில் 'இல்லை' என்று எழுதிவந்தாள். அவன் போய் மூன்று வருஷம். சண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஊரில் வேலை என்றான். முதலில் சட்டைகள் போயின, பிறகு செருப்புகள், பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோன். நடைக்காரர்கள் கேட்டால், "அவருக்கு முழங்கால் வலி, மலையெல்லாம் ஒத்துக்காது," என்பாள். கேட்டவர்கள் தைலம் சொல்வார்கள். அவள் தைலத்தின் பெயரைக் குறித்துக்கொள்வாள்.

மணி அடிக்கத் தொடங்கியது.

அவள் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் இருக்கும் ஃபோன். அவளுக்கு அந்த இடம் கண்ணில் தெரிந்தது. மூன்றாவது மணி கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போயிருக்கும். ஐந்தாவது மணியில் அடுப்படி. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுப்படி ஜன்னல்! செடிக்குக் காற்று வேண்டுமே என்று ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். மழை சாய்ந்து அடித்தால் மாவு டப்பாவரை நனையும். யாராவது எடுங்களேன் என்று அவள் தன்னையறியாமல் வேண்டினாள். எடுத்து அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வைத்துவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

எட்டு. ஒன்பது. சாதாரணமாக, வாரியத்துக்கு அடிப்பவர்கள் ஒன்பதில் வைத்துவிடுவார்கள். பத்துக்கு மேலும் காத்திருப்பவர்கள் வேறு யாரையும் கூப்பிட வழியில்லாதவர்கள். சர்வேயர் பதினாலுவரை விட்டார். பிறகு மறுபடி போட்டார். பேக்கரிக்காரர் ரொட்டிப் பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் வெளிய போயிருக்காரு போல," என்றார் சர்வேயர். "செல் நம்பர் சொல்லுங்க மேடம். பத்து எண், அஞ்சு நிமிஷ வேலை. பத்து மணிக்குள்ள கிளம்பினாத்தான் மழைக்கு முன்னாடி கீழ்ப்பாதை ஓடையைத் தாண்ட முடியும்."

எண் அவளுக்குத் தெரியும். வாரியத்தில் நாளுக்கு நூறு எண் கேட்டு நூறையும் மறப்பவளுக்கு அந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. மாற்றியிருக்கவும் மாட்டான், அப்படியெல்லாம் சிரமப்படுகிறவன் இல்லை.

சொன்னால் என்ன? அவள் பேசப்போவதில்லை. சர்வேயர்தான் பேசுவார். உங்க மனைவி புயல் வர்ற மலையில இருக்காங்க. அப்போது அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்கும். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் தொழில். வாய் திறப்பதற்கு முன் வருகிற மூச்சிலேயே கோபமா, அழுகையா, வெறும் அலுப்பா என்று சொல்லிவிடுவாள். அவனுடைய அந்த ஒரு மூச்சைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆசை பசியைப்போல் வயிற்றிலிருந்தே வந்தது.

எனக்கு எதுக்குச் சொல்றீங்க என்று அவன் கேட்கலாம். ஐந்து பேருக்கும் கேட்கும். அது அவமானம்தான். ஆனால் அவமானத்தை இறங்கும் வழியிலேயே எங்காவது உதறிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பயந்தது அதற்கில்லை. அவன் நல்லவன். யாரோ ஒரு பெரியவர் மரியாதையாகச் சொன்னால், "சரிங்க. பத்திரமா இறங்கச் சொல்லுங்க," என்றுதான் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் இன்னும் மூன்று வருஷம் ஓட்டிவிடுவாள். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவாள். தைலத்தின் பெயரைக் குறித்துக்கொள்வாள்.

பல் டாக்டர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "என்னங்க, வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா? எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். நம்பரைக் குடுங்க, நான் பேசறேன். என்கிட்ட எந்த ஆம்பளையும் வாயைத் திறந்துதான் ஆகணும்."

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டரே கொஞ்சம் சிரித்து நிறுத்திக்கொண்டாள்.

"இல்லன்னா ஒண்ணு செய்யலாம் சார்," என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக. "அக்காவுக்கும் சேர்த்து என் வீட்டுல சொல்லிடலாமே. என் வீட்டம்மா நாலு திட்டு திட்டுவா, அவ்வளவுதானே."

"அவங்க கணவர் இருக்கும்போது உங்க வீட்டுல எதுக்குய்யா?" என்றார் சர்வேயர். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்பது தெரிந்தது. ஃபோனில் எண் பலகையைத் திறந்து, ஜன்னல் விளிம்பில் மல்லாக்க வைத்தபடியே, விரலை அதன் மேல் நிறுத்தினார். "சொல்லுங்க மேடம். முதல் எண் என்ன?"

வெளியே முதல் காற்று வந்தது. மரங்களின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்து நின்றது. அவள் தன் பையைத் திறந்தாள். இந்தத் தடவை குழுவின் மருந்துப்பெட்டி அவள் சுமை. அதை எடுத்துப் பல் டாக்டரின் கையில் கொடுத்தாள். பட்டைகளை இறுக்கிப் பையை மூடினாள்.

"மேடம்?"

"நம்பர் தெரியும் சார்," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே நன்றாகக் கேட்டது. "குடுக்கல. நான் ஜீப்லயே வந்துடறேன்."