முன்பல் இருந்த குழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மரியான் வாயைத் திறந்ததும் கத்தியே விட்டேன்.

பத்து நாளைக்கு முன் அவருடைய உடைந்த மேல் முன்பல்லைப் பிடுங்கி, குழியில் எலும்புத் தூள் நிரப்பி, மேலே சவ்வு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தேன். நாலு மாதம் அது கலையாமல் இருந்தால்தான் எலும்பும் ஈறும் வற்றாமல் நிற்கும். இம்பிளான்ட் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்கும். இப்போது தையல் பிரிந்து, தூளெல்லாம் போய், குழி காலியாகக் கிடந்தது.

“பீடி குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க!”

“மாதா சத்தியமா இல்ல டாக்டரம்மா,” என்றாள் அவர் மனைவி ஞானபாக்கியம். “இளநியக்கூட ஸ்ட்ரா இல்லாம டம்ளர்லதான் ஊத்திக் குடுத்தேன். துப்பக்கூட விடல.”

“அப்போ எலும்பு காத்துலயா போச்சு? ஒரு வாரம் வீட்ல இருக்கச் சொன்னேன்லா?”

“இருந்தேன்லா,” என்றார் மரியான். “எட்டாம் நாளுதான் சங்கு குளிக்கப் போனேன்.”

எனக்குச் சொந்த ஊர் கடல் இல்லாத நாசரேத். சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு குதிப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுவீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

அவர் ஆள்காட்டி விரலை முன்பற்களால் கடித்துக் காட்டினார். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும்; அதிலிருந்து காற்று வரும் டியூபை அப்படிக் கடித்துக்கொண்டுதான் கடலடியில் கிடப்பாராம். விரல் நேரே அந்தக் குழியில் பட்டது.

ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொல்லும் ஒரு வாரத்தை இவருக்கும் சொல்லியிருக்கிறேன். பாவி நான், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“தப்பு என்னோடதுதான் அண்ணே,” என்றேன். “தாடையிலருந்து எலும்பெடுத்துத் திரும்ப வைக்கணும். ஆறேழு மாசம் கடல்ல இறங்கவே கூடாது.”

மரியான் தலையாட்டினார். “எறங்கவும் முடியாது டாக்டரம்மா. பல்லு இல்லாத எடத்துல டியூப் நிக்கமாட்டேங்கு. நேத்து பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துல வழுக்கிட்டு. தண்ணி குடிச்சிட்டேன். மேல வருவேன்னு நெனைக்கல.”

ஞானபாக்கியத்துக்கு அதுவரை இது தெரியாது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல? பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?”

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

“கடலுக்கு விடாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீயன்னா, வீட்டப் பூட்டி வாசல்ல படுத்திருப்பேனே டாக்டரம்மா.”